செவிலிமேட்டு இளவரசியின் சத்தமான ஜெபம்

செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, சத்தமா ஜெபம் பண்ணுகிற அம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கதவு எண், தெருப்பெயர் எதுவும் வேண்டாம். டீக்கடைக்காரர் டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலே தாடையால் வழி காட்டிவிடுவார்.

அந்த அம்மாவின் பெயர் இளவரசி. பெயரில்தான் அரண்மனை எல்லாம். குடியிருப்பது லைன் வீட்டில். ஒரே ஷீட் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள், அப்பேர்ப்பட்ட சுவர். அதை வைத்துக்கொண்டு இந்தம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முக்காடு போட்டு, முழங்காலில் நின்று, வாய்விட்டு ஜெபம் பண்ணுவாள். வாய்விட்டு என்றால் சும்மா இல்லை. கல்யாண மண்டபத்தில் மைக் செட் கட்டின மாதிரி.

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, வளர்ப்பு அப்படி. தென்னேரியில் அவளுடைய அப்பா அர்ஜுனன் விவசாயம் பார்த்தவர். குடும்பத்தில் முதல்முதலாகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவரும் அவர்தான். ஏரிக்கரை மேல் நின்றுதான் ஜெபம் பண்ணுவார். அவ்வளவு பெரிய ஏரியை மழையால் நிரப்புகிறவரிடம் போய் முணுமுணு என்று பேசினால் அது மரியாதையா என்பது அவர் கட்சி. பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட மகளுக்கு ஜெபம் என்றாலே அந்தச் சத்தம்தான். மனசுக்குள் ஜெபம் பண்ணச் சொன்னால் ஒரே நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். சர்ச் பெண்கள் கூட்டத்தில் ஒருமுறை எல்லோரும் மௌனமாக ஜெபிக்கலாம் என்று போதகர் சொல்ல, மூன்றாம் வரிசையிலிருந்து குறட்டை வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டார்.

புருஷன் தினகரனுக்கு இது முன்கூட்டித் தெரியாது. கல்யாணமான மறுநாள் காலையில் சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்து, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தான். புதுப்பெண் முக்காட்டோடு முழங்காலில் நின்று உலக சமாதானத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

லைனில் இருக்கிறவர்களும் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். அப்புறம் அதிலிருக்கிற சௌகரியம் தெரிந்துவிட்டது. அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்கள். ஸ்தோத்திரத்துக்கு எழுந்தால் கூட்டமில்லாமல் தண்ணீர் பிடிக்கலாம். நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபிக்கும்போது அடுப்பில் பால் பொங்கும். ஆமென் சொல்லிவிட்டால் ஒரகடம் கம்பெனி பஸ் வரப்போகிறது, ஓட வேண்டியதுதான்.

லைனில் அவர்கள் ஒரு குடும்பம்தான் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் ஏகாம்பரநாதருக்கும் வரதராஜருக்கும் உரியவர்கள். ஆனால் யாருக்கு என்ன என்றாலும், “இளவரசியக்கா, ஜெபம் பண்ணிக்கோக்கா” என்று வாசலில் வந்து நிற்பார்கள். வேண்டிக்கொள்வதில் சாமி பேதம் பார்க்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் வசதியில்லை. பரீட்சைக்கு, மருமகள் பிரசவத்துக்கு, மாமியார் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு என்று எல்லாமே வரும். பூவம்மாளின் ஆடு காணாமல் போனபோது இளவரசி அந்த ஆட்டுக்காக நெஞ்சுருக ஜெபித்தாள். கிடைத்துவிட்டது. கிடைத்த இடம் பூவம்மாளின் சமையலறை. உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்.

இதில் இளவரசிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜெபம் பண்ணிக்கோ என்று ஒருவர் வாயெடுத்த உடனே, எதற்கு ஏது என்று கேட்பதற்கு முன்னாலேயே, “பண்றேன்மா, கண்டிப்பா பண்றேன்” என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தப் பெயரை வாயால் சொல்லி ஜெபிக்காமல் ஒருநாளும் எழுந்திருக்கமாட்டாள். மறந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி வந்து முழங்காலில் நிற்பாள். மனுஷனுக்குக் கொடுத்த வாக்கை மீறினாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், ஆண்டவர் பேரைச் சொல்லிக் கொடுத்த வாக்கை எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது என்பாள்.

இந்தப் பழக்கம்தான் அவளை மாட்டிவிட்டது.

அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனை முடிந்து, வழக்கம்போல் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. தினகரனுக்கு வாசல்கள் திறக்கும் என்று வந்தது. மகள் தீபிகாவுக்கு உயர்த்தப்படுவாய் என்று வந்தது. இளவரசிக்கு வந்தது, நீ மற்றவர்களுக்கு ஆசீர்வாதமாக இருப்பாய் என்று. அவளுக்கு மூஞ்சி தொங்கிப்போய்விட்டது. வீடு வரும்வரை பேசவில்லை. எல்லாரையும் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுவிட்டு, என்னை மட்டும் பரிமாறச் சொல்கிறாரே என்று தினகரனிடம் புலம்பினாள். அவன் தன்னுடைய அட்டையை சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் கணக்கு நமக்கென்ன தெரியும் என்றான். அதே மாதம் பொங்கல் கழித்து அவன் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். வாசல் திறந்தது, அவன் வெளியே வந்துவிட்டான்.

கிடைத்தால் வாடகை ஆட்டோ ஓட்டினான், கிடைக்காத நாளில் வீட்டில் இருந்தான். தீபிகா டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. வகுப்பில் கெட்டிக்காரி. இனிமேல் அங்கே படிக்கவைக்க முடியாது, ஜூனில் மாற்றிவிட வேண்டியதுதான் என்று புருஷனும் பெண்டாட்டியும் அவளுக்குத் தெரியாமல் பேசிக்கொண்டார்கள். ஒற்றைச் செங்கல் வீட்டில் தெரியாமல் எதைப் பேசுவது? அவளுக்கும் தெரியும், லைனுக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் அதே பள்ளிக்கூடத்து விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி வந்தது. நிரந்தர வேலை. அதோடு, அங்கே வேலை செய்கிறவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம். இளவரசிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சர்ச்சில் அறுப்புப் பண்டிகை வந்தால் அண்டா அண்டாவாகச் சாம்பார் வைக்கிறவள் அவள்தான். இது தனக்காகவே செய்துவைத்த வேலை என்று மனசுக்குள் அடித்துச் சொல்லிக்கொண்டாள். மறுநாளே போய் மேனேஜர் வெங்கடேசனைப் பார்த்துப் பெயர் கொடுத்தாள். அவர் தன்மையான மனுஷன். இன்னும் ஓரிருவர் கேட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு நாள் சமைத்துக் காட்டட்டும், பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறாள், பக்கத்து வீட்டு மஹாலட்சுமி வந்து நிற்கிறாள். அவள் புருஷன் சிவராஜ் பட்டுத் தறி போடுகிறவன். முதுகுத் தண்டில் ஜவ்வு விலகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தீபாவளியிலிருந்து பாயில் படுத்திருக்கிறான். தறி சும்மா கிடக்கிறது. நாலாவது படிக்கிற ஒரு பெண் வேறு. மகாவும் இளவரசியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. இவள் வீட்டுக் குழம்பு அங்கே போகும், அவள் வீட்டு ரசம் இங்கே வரும்.

“அக்கா, எனக்காக ஒரு விஷயத்துக்கு ஜெபம் பண்ணணும்” என்றாள் மகா.

“பண்றேன்மா, கண்டிப்பா பண்றேன்.”

“இஸ்கூல் ஆஸ்டல்ல சமையலுக்கு ஆள் எடுக்கறாங்களாம். நானும் பேர் குடுத்துக்கினு வந்தேன். அது மட்டும் கிடைச்சுட்டா போதும்க்கா, எழுந்துடுவோம்.”

இளவரசிக்குக் கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மகா அவ்வளவு நம்பிக்கையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் அவள் ஒதுங்கிக்கொள்வாள், அப்புறம் அந்தப் பாவம் யாருக்கு? சொல்லாமல் விட்டால் இது யாருக்குப் பாவம்? யோசிப்பதற்குள் மகா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணி. இளவரசி முழங்காலில் நின்றாள். அவளுடைய ஜெபம் எப்போதும் நல்ல வேதத் தமிழில் ஆரம்பிக்கும், மனசு கலங்கினால் செவிலிமேட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடும். அன்றைக்கு ஸ்தோத்திரம் ஆனது, நோயாளிகள் ஆனார்கள், நாட்டுத் தலைவர்கள் ஆனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மகா காத்துக்கொண்டிருப்பது இவளுக்குத் தெரியும். “கர்த்தாவே, உம்முடைய பிள்ளையாகிய மஹாலட்சுமிக்கு ஒரு நல்ல வேலையைக் கட்டளையிடும்” என்று கணீரென்று சொல்லிவிட்டு, “வேற ஒரு நல்ல வேலை” என்று அடிக்குரலில் சேர்த்தாள். அவளுடைய அடிக்குரல் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மகா வந்து, “வேற வேலை வேணாம்க்கா, இதுவே போதும்னு சொல்லு” என்று திருத்திவிட்டுப் போனாள்.

தனக்காகவும் ஜெபிக்க வேண்டும் அல்லவா? அதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் சுவர் கேட்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஆரம்பித்தாள். யாரோ கதவைத் தட்டி, தண்ணி வீணாவுது, பேசறதை வெளிய வந்து பேசுமா என்றார்கள். ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். தூங்கிவிட்டாள், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் கொளுத்துகிற வெயிலில் பாலாற்று மணலில் இறங்கி நடந்தாள். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. தூரத்தில் பாலத்தில் லாரிகள் போவது மட்டும் தெரிந்தது. முக்காட்டைச் சரிசெய்து, கையை உயர்த்தி, ஆசை தீரக் கத்தினாள். “இயேசப்பா, அந்த வேலை எனக்குத்தான் வேணும். தீபிகா படிக்கணும். எனக்கே குடுத்துடு” என்றாள். அடுத்த வாக்கியம் தானாக வந்து நின்றது, மகாவுக்குக் குடுக்காதே என்று. இருப்பது ஒரு வேலை. தனக்குக் கேட்டால் அவளுக்கு வேண்டாம் என்று கேட்பதுதான். அதைச் சொல்ல வாய் வரவேயில்லை. காலையில் அவளுக்குக் கொடு என்று கேட்ட அதே வாய். அவரிடம் அவள் இதுவரை பொய் பேசினதில்லை. மணலில் உட்கார்ந்து அழுதாள். காலில் சூடு ஏறவும் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

சுவர் கேட்காத ஆட்டோ ஸ்டாண்டில் போய்த் தினகரனிடம் சொன்னபோது, ரெண்டு பேருக்கும் பொதுவா ஜெபம் பண்ணு, அவர் பார்த்து யாருக்காவது கொடுக்கட்டும் என்று யோசனை சொன்னான். அது ஜெபமில்லை, குலுக்கல் என்று இவள் சீறினாள். அவன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

இவ்வளவோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சமைத்துக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மகா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். முதலில் அவளுடைய முறை. வீட்டுக்கு மூணு பேருக்குச் சமைத்த கை, விடுதி முழுக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சாம்பார் வைப்பது என்று தெரியவில்லை. அக்காதான் சர்ச்சில் அண்டாவில் வைக்கிறவளாயிற்றே, சொல்லிக்கொடு என்றாள்.

இளவரசி அடுப்படியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். உள்ளுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஜெபம் பண்ணச் சொன்னீர், பண்ணினேன். இப்போது சாம்பாரும் நானே சொல்லிக்கொடுக்க வேண்டுமா, இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா என்று மேலே பார்த்து மனசுக்குள் கேட்டாள். மேலே ஷீட் கூரைதான் தெரிந்தது. சும்மா ஏதோ மேலோட்டமாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும். காய் முழுசாக வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றிவிட்டால் அண்டாக் காய் கடைசிவரை கல்லு மாதிரி கிடக்கும். அது தெரியாதவர் வைத்த சாம்பார் முதல் பந்தியிலேயே நாறிப்போகும்.

காலையில் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அதைக் கெடுத்தால் அதற்கு ஜெபம் என்றா பெயர்? இளவரசி திரும்பி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். புளியைச் சொன்னாள். பருப்பை எவ்வளவு குழைய விடுவது என்று சொன்னாள். கொதிக்கும்போது நாக்கு பொய் சொல்லும், இறக்கிவைத்து ஆறினதும் உப்புப் பார் என்றாள். பெருங்காயத்தை எப்போது போடுவது என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லாததை அவளுக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல எரிச்சலும் வந்தது, சொல்லிக்கொடுக்கிற ருசியும் வந்தது. கடைசியில் தன்னுடைய பெரிய கரண்டியையும் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மகா சமைத்தாள். அடுத்த நாள், மகாவுக்குத் தெரியாமல், இளவரசி போய்ச் சமைத்தாள். ஆயுசில் அப்படி ஒரு சாம்பார் அவள் வைத்ததில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வாய் வைத்த பையன் பக்கத்துப் பையனிடம், “நேத்து வந்த ஆன்ட்டி மாதிரியே பண்ணியிருக்காங்கடா” என்றான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இளவரசி கை கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் வரச்சொன்னார் வெங்கடேசன். ஆபீஸ் வராந்தா பெஞ்சில் மகா உட்கார்ந்திருந்தாள். இளவரசியைப் பார்த்ததும், தீபிகாவுக்கு ஃபீஸ் கட்ட வந்தியாக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இன்னும் பத்து நிமிஷம் தப்பிக்கலாம். இளவரசி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, நானும் இந்த வேலைக்குத்தான் வந்தேன் என்றாள். உனக்கு முன்னாடியே பேர் குடுத்துட்டேன் என்றாள்.

மகாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அப்போ தினமும் காலையில எனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருந்தியே, அது பொய்யாக்கா?”

“பொய்யா இருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்மா. நிஜமாவே கேட்டுட்டேன். அதான் என் கஷ்டம்.”

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். வெங்கடேசன் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு சாம்பாரும் ஒரே மாதிரி இருந்தது, யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை, ஆனால் மஹாலட்சுமியம்மா வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார், அதனால் வேலையை அந்தம்மாவுக்கே கொடுக்கிறோம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மகா இளவரசியைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம், அக்காவுக்கே கொடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். படுத்திருக்கிற சிவராஜை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். சந்தோஷம்மா என்று சொல்ல இளவரசிக்கும் ஆசைதான். அவளாலும் முடியவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு லைனில் சத்தமே இல்லை.

பால்காரர் வந்து கதவைத் தட்டித்தான் எல்லோரும் எழுந்தார்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் பூவம்மாள் வந்து, உடம்பு கிடம்பு சரியில்லையாமா, கொஞ்சம் சின்னதாவாவது ஜெபம் பண்ணு, ஊரே லேட்டாவுது என்றாள். இளவரசி தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுந்திருக்காமல் இல்லை. ஐந்து மணிக்குக் கண் விழித்துவிடும். பாயில் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பாள். மகாவுக்கு வேலை கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்று சொன்னால் பொய். ஏன் எனக்குக் கொடுக்கவில்லை என்று கேட்கலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் மகா இருக்கிறாள், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள், அவள் காதில் விழும். கோபமாக இருந்தது. கோபத்தைவிடக் கேவலமாக இருந்தது. தீபிகாவின் சீருடையை மடித்து வைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் லைனுக்கெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொடுத்தேனே, எனக்கு என்று ஒன்று கேட்டபோது மட்டும் உமக்குக் காது கேட்கவில்லையா என்று நினைத்தாள். நினைத்ததை வாயால் சொல்லவில்லை. நாள்கணக்கில் அவரிடம் வாய் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

இப்படி ஒரு வாரம் போனது. அடுத்த வாரம் ஒருநாள் காலை, இருட்டு இன்னும் பிரியவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்புறம் மகாவின் குரல். பேசிப் பழகாத மேடையில் ஏறினவள் மாதிரி சத்தமாக, தட்டுத்தடுமாறி.

“இளவரசியக்காவோட சாமியே. ஸ்தோத்திரம். நான் மஹாலட்சுமி, பக்கத்து வீடு. அக்கா சொல்லிச் சொல்லி என் பேர் உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

இளவரசி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தினகரன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

“அக்கா உன்கூட பேசறதில்ல. கோவம் அதுக்கு. கோவம் வராம இன்னா பண்ணும்? எனக்குன்னு கேட்டுச்சு, நீயும் எனக்குக் குடுத்துட்ட. எங்க எல்லாருக்கும் அது கேக்குது. அதுக்குக் கேக்கறதுக்குத்தான் இந்த லைன்ல ஆளே இல்ல. அதான் நான் கேக்கறேன். அதுக்கு ஒரு வேலை குடு. இதே மாதிரி. இல்ல, இதைவிட நல்லதாவே குடு. தீபிகா அதே இஸ்கூல்ல படிக்கணும். ஏகாம்பரநாதர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க.”

சொல்ல வந்தது தீர்ந்துவிட்டது போல.

“நான் தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோ. அக்கா நல்லவங்க.”

அவ்வளவுதான். எப்படி முடிப்பது என்று மகாவுக்குத் தெரியாமல் இல்லை, தினம் கேட்டதுதான். ஆனால் அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. அது தனக்குரியதில்லை என்று நினைத்தாளோ என்னவோ. ஜெபம் முடியாமல் அப்படியே நின்றது. லைனில் ஒரு பாத்திரம் அசையவில்லை.

இளவரசி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு வயதாகிறது. அத்தனை பேர் பெயரையும் அவள் அந்தச் சுவரைத் தாண்டி அனுப்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் படுத்திருப்பவர்களுக்குத் தன் பெயரை ஒருத்தி இருட்டில் சொல்லிக் கெஞ்சுவது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது தெரிந்தது. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, அது வேறு. நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல் நகர்ந்து, மூச்சு வந்தது. அவரிடம் மறுபடி பேசலாம் போலிருந்தது.

“ஆமென்” என்றாள். அழுகையில் குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மகா சொன்னாள்.

“அக்கா, கேக்கல. சத்தமா சொல்லு.”

இளவரசி மூக்கை உறிஞ்சி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று சொன்னாள். லைன் முழுக்க எழுந்துவிட்டது.